போர்வைக்குள் ஒரு மரப் பாதம்

கம்பளிப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரப் பாதம். என் கணவரை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது அவர் முகமல்ல, அதுதான். பாதம் அவருடையதுகூட இல்லை, என்னுடையது. மார்கழி முழுவதும் என் செயற்கைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார். கல்யாணமான புதிதில், பக்கத்தில் பெண்டாட்டி என்று ஒருத்தி கிடக்கிறாள் என்ற நினைப்பே அவருக்கு இருக்காது.

சங்கரன்கோவிலில் ஏது குளிர் என்று சிரிப்பார்கள். லாரியில் அடிபட்டு, முழங்காலுக்குக் கீழே இழந்து, எழுபதுகளின் கடைசியில் மரமும் தோலும் இரும்புமாக அந்தக் கால் எனக்கு வந்தபோது, வெயிலைப் பற்றி ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். குளிரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. விடியற்காலப் பனியில் தோல் விறைத்துப்போகும். இரும்பைத் தொட்டாலே சுரீர் என்னும். மீதிக் கால் சுருங்கிப்போய், உள்ளே லொடலொடவென்று ஆடும். சரி என்று கம்பளி உறையைக் கூடுதலாக மாட்டி இறுக்கினால், பத்து மணிக்கெல்லாம் இந்த ஊர் வெயில் வந்து கால் வீங்கி உயிர் போகும். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் எதை எங்கே கழற்றுவது? குளிர்ந்தால் ஒழுங்காகக் குளிர்ந்துகொண்டே இருக்க வேண்டாமா, ஒரு ஊர்?

அப்போது பஸ்ஸில் போகிற தூரத்தில், பனவடலிசத்திரத்தில் டீச்சர் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் பஸ்ஸை அடிக்கடி விட்டதில், "இனியும் லேட்டுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். விடிய எழுந்து நான் தோலை நீவிக்கொண்டிருப்பதைப் பார்த்து என் கணவருக்கு மனம் பொறுக்கவில்லை. பொறுத்திருக்கலாம். பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிற நாளாகப் பார்த்து, என் மரக்காலை வெந்நீர் அடுப்போரம் சாய்த்துவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டார். நான் குளித்துவிட்டு வந்தால், தோல் சுருண்டு கருவாடாகக் கிடக்கிறது. எவ்வளவு இழுத்தும் மாட்ட முடியவில்லை. பஸ்ஸும் போய்விட்டது.

"என்னத்தச் செஞ்சி வச்சிருக்கீங்க?"

"ஏட்டி, குளிருல நீ நடுங்குதியேன்னுதான் லேசா வாட்டுனேன்."

ஊன்றுகோலோடு என்னைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, அவ்வளவு தூரமும் பனியில் மிதித்தார். வழி முழுக்கத் திட்டினேன். மணி அடிக்கும்போது போய்ச் சேர்ந்தோம். இன்ஸ்பெக்டர் வந்தபோது மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். வேலை தப்பித்தது. அவர் தப்பிக்கவில்லை, ஒரு வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தோலை மாற்றிக் கால் திரும்பி வந்த அன்றே தன் போர்வைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டார். "அடுப்புச் சூடுதான ஆகாது? ஒடம்புச் சூடு ஒண்ணும் செய்யாதுல்லா." விடிந்ததும் அதை அவரிடமிருந்து வாங்குவது பெரும்பாடு. தூக்கத்தில் விடவே மாட்டார். "பஸ் போயிரும், விடுங்க" என்று கத்தி, விரல் விரலாக விலக்கிப் பிடுங்க வேண்டும். என்ன மனுஷனோ என்று வரும். ஆனால் கால் வெதுவெதுவென்று இருக்கும், தோல் சொன்னபடி கேட்கும்.

இப்போது இருப்பது பிளாஸ்டிக் கால். இதற்கு அதெல்லாம் தேவையில்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன், கேட்டால்தானே. போன மார்கழிவரை விடவில்லை. அவர் இல்லாமல் வந்திருக்கும் முதல் மார்கழி இது. நேற்று ராத்திரி இந்தப் பிளாஸ்டிக் காலை நானே என் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன். விடிந்து பார்த்தால் பாதம் வெளியே நீட்டிக்கொண்டு, சில்லென்று கிடந்தது. எடுத்தேன், உடனே கையோடு வந்துவிட்டது. யாரிடமிருந்தும் பிடுங்க வேண்டியிருக்கவில்லை. அதற்குத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.