தருமு அண்ணை போன வழி

ஒஸ்லோவில், ஹொல்ம்லியா போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது ஓலாவின் அழைப்பு வந்தது. மலைக் கிராமத்தில் தருமு அண்ணையின் அயல்வீட்டுக்காரர். பனி தள்ளப் போன அண்ணை வாசலிலேயே விழுந்து இறந்துவிட்டாராம். இறங்க வேண்டிய நிலையத்தில் நான் இறங்கவில்லை. இந்த நாட்டில் எனக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். அகதிகளாக வந்த எங்கள் இருவரையும் அந்த மலையில்தான் குடியமர்த்தினார்கள். நான் முதல் குளிரிலேயே ஒஸ்லோவுக்கு ஓடி வந்துவிட்டேன். நெடுந்தீவில் மாடு வளர்த்த அண்ணை அங்கே ஆடுகளோடு தங்கிவிட்டார். கோடையில் மந்தையை மேலே விடுவார்கள். பனி விழ முன்னர் ஊரே ஏறிப் போய்த் தேடி இறக்கும். "இஞ்சை ஆடு துலைஞ்சாலும் ஊர் தேடும். ஒஸ்லோவிலை நீ துலைஞ்சா ஆர் தேடுவினம்?" என்று என்னைச் சீண்டுவார்.

அந்த ஊரில் ஒருவர் இறந்தால், வீட்டு வாசலிலிருந்து தெரு வரை கிரான் மரக் கொப்புகளைப் பரப்புவார்கள். நாம் நத்தாருக்கு நட்சத்திரம் கட்டி வீட்டுக்குள் வைக்கிறோமே, அதே மரம். சவப்பெட்டி அதன்மேல்தான் போகும். எந்தச் சாவென்றாலும் கத்தியோடு முதலில் காட்டுக்குப் போவது அண்ணைதான். ஓலாவின் மனைவி இறந்தபோது நானும் கூடப் போனேன்.

"ஆள் கடைசியாப் போற வழி வெறுமையாக் கிடக்கக் கூடாதடா" என்றார். பிறகு நிமிராமலே கேட்டார்: "எனக்கு ஆர் போடுவினம்?"

நான் போடுவேன் என்றேன். சும்மா சொல்லவில்லை.

ஆனால் ஒஸ்லோவிலுள்ள அவருடைய உறவினர்கள் உடலை இங்கே கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் வசதி என்றார்கள். அதுவும் நியாயம்தான். தகனத்தன்று காலை கார் நிறையக் கொப்பு வெட்டி ஏற்றிப்போய், தகன மண்டபத்தில் வாகனம் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை பரப்பினேன். உள்ளே போய்த் திரும்புவதற்குள், சடங்குக்கு உதவ வந்திருந்த நம் பெடியள் எல்லாவற்றையும் கூட்டி ஓரத்தில் தள்ளியிருந்தார்கள்.

"ஆரோ குப்பையைக் கொட்டிப்போட்டினம் அண்ணை. சீலையோடை வாற ஆக்கள் சறுக்கி விழுந்திருப்பினம். நல்ல காலம், பெட்டி வரமுதல் துப்புரவாக்கிப்போட்டம்" என்றான் ஒருவன்.

அவனை என்னவென்று ஏசுவது? அள்ளிப் போடக் குனிந்தேன். அதற்குள் வாகனம் வந்துவிட்டது. அண்ணை வெறும் தாரின்மேல் போனார். நான் கொப்புகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன்.

அடுத்த கிழமை மலைக்குப் போனேன். அவருடைய வாசலிலிருந்து தெரு வரை பரப்பினேன். அதன்மேல் போக யாரும் இல்லை. ஓலா ஊன்றுகோலோடு வந்து பார்த்தார். வீட்டுக்குள் போனார். அண்ணையின் கத்தியை எடுத்து வந்து என் கையில் தந்தார்.

அது இப்போது என் சமையலறையில் கிடக்கிறது, பிசினும் போகாமல். அவர் கேட்ட கேள்வியும் என்னோடுதான் இருக்கிறது. என் கதவைத் திறந்தால் ஒரு லிஃப்ட். அயல்வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

எனக்கு ஆர் போடுவினம், அண்ணை?