திருப்பி விட்ட விரால்

அமெரிக்காவில் என் மகன் குளிர்ந்த ஆற்றில் இறங்கி நின்று, இறகால் செய்த பொய்ப்பூச்சியை வீசி சால்மன் மீன் பிடிப்பான்; பிடித்ததும் விட்டுவிடுவான். போன கார்த்திகையில் வந்தபோது அந்தத் தூண்டிலை எனக்குக் கொடுத்தான். ஒலக்கூர் பக்கத்து ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் எழுத்திலேயே அனுமதி வாங்கினேன். மூன்றாம் நாள் ஒரு விரால் கவ்வியது. முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன்.

கரையில் உட்கார்ந்திருந்த ஏரிக் காவல்காரர் எழுந்து வந்தார்.

“புடிச்ச வெராலை எவன் சார் வுடுவான்? யாருக்கு வேவு பாத்துக்கினு இருக்கீங்க?”

கடிதத்தை நீட்டினேன்.

“இதுல புடிக்கலாம்னுதான் இருக்கு. வுடலாம்னு இல்லியே.”

இல்லைதான். குத்தகை ஏலத்துக்கு முன் போட்டிக்காரர்கள் ஆள் அனுப்பி ஏரியில் மீன் எவ்வளவு என்று பார்ப்பது இங்கே வழக்கம். ஏலம் நடத்தும் அதிகாரியாக இருந்தபோது நானே இரண்டு பேரை விரட்டியிருக்கிறேன். அவர்களும் பொழுதுபோக்கு என்றுதான் சொன்னார்கள்.

“அடுத்ததை ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்க. இல்லன்னா கரைக்கே வராதீங்க.”

மறுநாள் பிடித்ததை எடுத்துப் போனேன். தார்ச்சாலை வரை பின்னால் வந்து, நான் அதை வாய்க்காலில் விடவில்லை என்று பார்த்த பிறகே அவர் திரும்பினார்.