எல்லாரும் ஒருக்காத் திறந்து பாருங்கோ

1. காலை 9.10: கல்யாண இணையத்தளம் ஒழுங்காக இருந்தது. மண்டபத்து மூலை மேசையில் லப்ரொப்பை வைத்துவிட்டு வடை எடுக்கப் போனேன்.
2. 9.25: தளம் மெதுவானது. வடையைப் பாதியில் வைத்தேன்.
3. 9.31: தளம் விழுந்தது.
4. 9.32: சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடக்கினேன். எழுந்தது.
5. 9.34: மறுபடியும் விழுந்தது.
6. 9.35: மணப்பெண்ணின் சித்தப்பா பட்டு வேட்டியோடு என் மேசைக்கு வந்து, "பயப்படாதையுங்கோ பிள்ளை, நான் எல்லா இடத்துக்கும் சொல்லிப்போட்டன்" என்றார்.

இந்தப் பட்டியலில் ஆறாவதுதான் முதலாவதாக இருக்க வேண்டியது. அது எனக்கு விளங்கச் சில நிமிடங்கள் எடுத்தன.

மணப்பெண் வேலையில் எனக்குப் பக்கத்து மேசை. அவளுடைய அம்மா யாழ்ப்பாணத்தில். கல்யாணத்துக்கு வர விசா கேட்டார்கள், கிடைக்கவில்லை. முகூர்த்தம் எங்களுக்குக் காலை 10.05 முதல் 10.45 வரை, அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். தாலி கட்டுவதை அம்மா பார்க்க வேண்டும். அந்தத் தளத்தை நான் செய்ததே அந்த ஒரு காரியத்துக்குத்தான்.

எல்லாரும் பார்க்கும் இடத்தில் காணொளியைப் போட மணப்பெண் விரும்பவில்லை. தன் அக்காவின் கல்யாணத்தை அப்படிப் போட்டதில் சேலை நிறத்தைப் பற்றி மட்டும் நூற்றுக்கு மேல் கருத்துகள் வந்தனவாம். அதனால் நான் வாடகைக்கு வைத்திருக்கும் சின்ன சேர்வரிலிருந்தே நேரடியாகக் காட்டுவதாக ஏற்பாடு. ஒரே நேரத்தில் முப்பது பேர் பார்க்கலாம். "முப்பது தாராளம், அம்மாவும் இன்னும் நாலைஞ்சு பேரும்தான்" என்றாள். அவள் மண்டபத்துக்குச் சொன்ன விருந்தினர் எண்ணிக்கையும் மூன்று முறை கூடியது என்பதை நான் அப்போது யோசித்திருக்க வேண்டும்.

அதோடு முகப்புப் பக்கத்தில் நாற்பது படங்கள் வைத்திருந்தேன். மேலிருந்து மல்லிகைப் பூ கொட்டிக்கொண்டே இருக்கும்படியும் செய்திருந்தேன். அதற்காக இரண்டு சனிக்கிழமைகள் செலவாயின.

சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எந்த லொறி எந்த நேரத்தில் எந்தக் கொள்கலனை ஏற்ற வேண்டும் என்று தொலைபேசியில் சொல்வதே அவருடைய நாள். ஒரே நேரத்தில் இருபது பேரைக் கிளப்புவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

"அங்கிள், எங்கெங்க சொன்னனீங்கள்?"

"கன இடம் இல்லை. ரொறன்ரோ. லண்டன். பரிஸ். சூரிச்சில ரெண்டு வீடு. ஒஸ்லோ. சிட்னியில படுத்திட்டினம், எழுப்பினனான்."

"என்னெண்டு சொன்னனீங்கள்?"

"கல்யாணப் பக்கம் கொஞ்சம் இழுபடுது போல கிடக்கு, ஒருக்காத் திறந்து பாருங்கோ எண்டு. திறக்காட்டித் திருப்பித் திருப்பி அமத்துங்கோ எண்டு. ஆளுக்கு அஞ்சு பேரிட்டையும் சொல்லச் சொன்னனான்."

தளத்துக்கு வந்தவர்களின் பதிவைத் திறந்தேன். வரிகள் திரையில் நிற்காமல் ஓடின. நாற்பது படங்களையும் மல்லிகைப் பூவையும் உலகத்தின் பாதி ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"அங்கிள், உதவி செய்யிறதெண்டால் நிப்பாட்டச் சொல்லுங்கோ. எல்லாரையும். உடன."

"ஓம் ஓம், அது ஒரு நிமிச வேலை." அங்கேயே நின்று ரொறன்ரோவுக்கு அடித்தார். "டேய், பிள்ளை நிப்பாட்டட்டாம். ஓம், அமத்த வேண்டாமாம். நிப்பாட்டிட்டியோ? சரி. இப்ப வேலை செய்யுதோ எண்டு ஒருக்காத் திறந்து பார்."

இதே வசனத்தை லண்டனுக்கும் சொன்னார். பரிஸுக்குச் சொல்வதற்குள் ஐயர் அவரை மணவறைக்குக் கூப்பிட்டார். அப்பா இல்லை, அம்மாவால் வர முடியவில்லை, அதனால் அவரும் சித்தியும்தான் தாரை வார்க்க வேண்டும். தொலைபேசியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனார்.

நான் செய்தவை: மல்லிகையை நிறுத்தினேன். நாற்பது படங்களையும் எடுத்துவிட்டேன். தளம் எழுந்து நின்றது. ஆனால் எழுந்த உடனேயே காணொளியின் முப்பது இடங்களும் நிரம்பின. பன்னிரண்டு பேர் சூரிச்சில். யாழ்ப்பாணத்தில் ஒருவரும் இல்லை.

பிறகு ஒரு ரகசிய லிங்க் செய்து அம்மாவின் டப்லெட்டுக்கு மட்டும் அனுப்பினேன். அந்த டப்லெட்டைக் கையில் வைத்திருந்தவர் மணப்பெண்ணின் மச்சான். அம்மாவுக்குப் படம் வருவதற்குள், இரண்டே நிமிடத்தில், அந்த ரகசியம் ஒஸ்லோவில் இருந்தது. மச்சான் நல்லவர், தனக்குக் கிடைத்ததைப் பிறருக்கும் கொடுப்பவர். அன்றைக்கு என்னைக் கவிழ்த்தவர்கள் எல்லாருமே நல்லவர்கள்தான்.

10.12. மணப்பெண் கூறைச் சேலையோடு வந்து மணவறையில் உட்கார்ந்தாள். ஒலிவாங்கியைச் சரிசெய்பவள் போலக் கிட்டப் போனேன்.

"அம்மா பாக்கிறாவோ?" என்றாள், உதட்டை அசைக்காமல்.

"இன்னும் இல்லை."

"அம்மா பாக்காமல் நான் தாலிக்குக் குனியமாட்டன். மாப்பிள்ளைக்கும் சொல்லிப்போட்டன்."

மாப்பிள்ளை தலையாட்டினார். ஐயர் என்னைப் பார்த்தார். "இன்ரநெற் வரேல்லையோ? நான் ரெண்டு மந்திரம் கூட்டிச் சொல்லுறன் பிள்ளை. அதுக்கு மேல ஏலாது, பின்னேரம் பக்கத்து ஊர் லாவலில இன்னொரு கல்யாணம் கிடக்கு."

மேசைக்குத் திரும்பி, எந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்திருக்கிறார்கள் என்ற கணக்கைப் பார்த்தேன். முகப்பு, எண்ணவே முடியாது. படங்கள், அதுவும் அப்படியே. மண்டபத்துக்கு வழி காட்டும் பக்கத்தைச் சிட்னியில் இருப்பவர்கள்கூடத் திறந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பட்டியலை யாரோ ஐம்பது முறை பார்த்திருந்தார். கடைசி வரியில் ஒரு பக்கம் மட்டும் பூச்சியம். தனியுரிமைக் கொள்கை. அதைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து எழுதியவள் நான். கொஞ்சம் நொந்தது.

பிறகு விளங்கியது. ஒரு பொருளை நம் சனத்திடமிருந்து ஒளிக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது.

முகப்பில் "சற்றுப் பொறுங்கள்" என்ற ஒரு வரியையும் அடியில் இருந்த சின்ன எழுத்து லிங்க்குகளையும் மட்டும் விட்டேன். ரகசிய லிங்க்கை மூடினேன். கொள்கையின் மூன்று மொழிகளையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் காணொளியை வைத்தேன். அம்மாவின் தொலைபேசிக்கு அடித்தேன்.

"அம்மா, பக்கத்தில ஆர் நிக்கினம்?"

"ஊரே நிக்குது பிள்ளை. ஆளாளுக்கு ஒரு போனைத் தேய்ச்சுக்கொண்டு நிக்கினம்."

"டப்லெட்டை நீங்கள் வாங்கிக்கொண்டு, மச்சானை ஒருக்கா அங்கால அனுப்பேலுமோ?"

அவர் காரணம் கேட்கவில்லை. "தம்பி, அதை இஞ்ச தா. வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ எண்டு உள்ளுக்குப் போய்ப் பார்" என்ற குரல் கேட்டது. பிறகு, "சொல்லு பிள்ளை."

"பக்கத்தின்ர அடிக்குப் போங்கோ. இன்னும் கீழ. கடைசியில சாம்பல் நிறத்தில சின்ன எழுத்து இருக்கும்."

"பொறு, கண்ணாடி போடுறன். தனி... தனியுரிமை... இதையோ? இதை ஆரும் அமத்துவினமோ?"

"ஒருத்தரும் அமத்தமாட்டினம் அம்மா. நீங்கள் அமத்துங்கோ."

என் திரையில் காணொளிக்கு ஒரே ஒரு பார்வையாளர் வந்தார்.

"வந்திட்டுது!" என்றார் அம்மா. உடனே, "ஐயோ, மணவறையில இருந்துகொண்டு அவர் போன் கதைக்கிறார்! பறி பிள்ளை அதை!"

நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான். ஐயர் தர்ப்பையை நீட்டிக்கொண்டிருந்தார், சித்தப்பா ஒரு விரலைத் தூக்கிப் பொறுக்கச் சொல்லிவிட்டுச் சூரிச்சோடு பேசிக்கொண்டிருந்தார். சித்தி பறித்துவிட்டார்.

"அம்மா, மூலையில ஒரு சதுரம் இருக்கும். அதை அமத்தினால் படம் பெரிசாகும்." மேலே இருக்கும் முகவரியும் மறைந்துவிடும், தேத்தண்ணி கொடுத்துவிட்டு வரும் மச்சானுக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. அதை நான் சொல்லவில்லை.

மணப்பெண்ணைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். அவள் குனிந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் அரிசி போட்டார்கள். நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு கையால் போட்டேன்.

"மேளம் கேக்குது," என்றார் அம்மா பதறி. "ஆனா மாப்பிள்ளை இன்னும் மூக்கைச் சொறிஞ்சுகொண்டு இருக்கிறாரே!"

"காணொளி இருபது செக்கன் பிந்தித்தான் வரும் அம்மா. தொலைபேசி முந்தி வரும். பாத்துக்கொண்டு இருங்கோ."

இங்கே மேளம் அடங்கி, மாப்பிள்ளையின் அண்ணன் படம் எடுக்க எல்லாரையும் நெருக்கிக்கொண்டிருந்தபோதுதான், அங்கே "குனிஞ்சிட்டாள், குனிஞ்சிட்டாள்" என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வீடு முழுக்க அழும் சத்தம் கேட்டது. நான் கொஞ்ச நேரம் திரையில் தெரிந்த அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் சித்தப்பா என் இலைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களோ பிள்ளை? நான் கடைசியாச் சூரிச்சுக்கு அடிச்ச பிறகுதான் அங்க தெரிஞ்சது. சில சாமானுக்கு நாலு பக்கத்தாலையும் நெருக்கடி குடுக்க வேணும்."

"ஓம் அங்கிள்" என்று பாயாசத்தை இழுத்துக்கொண்டேன்.

இப்போதைய நிலை இதுதான். அம்மாவின் விசாவுக்குத் திரும்பவும் விண்ணப்பித்திருக்கிறார்கள், இன்னும் பதில் இல்லை. கல்யாணக் காணொளி அதே பக்கத்தில் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலிருந்து அநேகமாகத் தினமும் ஒரு முறை யாரோ அதைத் திறக்கிறார்கள். அந்தத் தளத்துக்குத் தனியுரிமைக் கொள்கை தற்போது இல்லை.