நான் உடைத்த இரத்த வழுக்கி

நான்கு வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் நான் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். ஆபிரிக்கப் பக்கம் கப்பலில் வேலை செய்துவிட்டு மயிலிட்டிக்குத் திரும்பிய ஒருவர் குளிர்காய்ச்சலோடு வந்தார். மலேரியாவோ என்று வைத்தியருக்குச் சந்தேகம். பொறுப்பான உத்தியோகத்தர் நோயாளியின் விரலில் குத்தி எடுத்த இரத்தத்தை வழுக்கி என்கிற சிறு கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமிட்டு என்னிடம் தந்தார். "பாத்துக்கொண்டிரும், வாட்டுக்குப் போட்டு வாறன்" என்று போய்விட்டார்.

கிருமிகளைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற நினைப்பு. சிறிய வில்லையில் தொடங்கவேண்டும், வில்லையை இறக்கும்போது பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும், பெரிய வில்லைக்குச் சின்னத் திருகு மட்டும்தான். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி முழுப்புள்ளி வாங்கிய கெட்டிக்காரி நான்! அன்று அவசரத்தில் பெரிய வில்லையை நேரே திருப்பி, மேலே கண்ணை வைத்தபடியே பெரிய திருகைச் சுற்றினேன். 'டிக்' என்றொரு சத்தம். வழுக்கி நொறுங்கிவிட்டது.

பயிற்சியிலிருந்து துரத்திவிடுவார்களே! அறிக்கைத் தாள் முன்னால் கிடந்தது. இப்போது எங்கள் பக்கத்தில் மலேரியா ஏது, 'கிருமி இல்லை' என்று எழுதினால் யாருக்குத் தெரியும் என்று மனம் சொன்னது. பேனையை எடுத்தும்விட்டேன்.

அந்த நேரம் பார்த்து நோயாளியின் மனைவி வாசலுக்கு வந்தார். "தங்கச்சி, முடிவு வந்திட்டுதோ? மனிசன் வாங்கிலை கிடந்து நடுங்கிறார்."

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "அக்கா, நான் வழுக்கியை உடைச்சுப் போட்டன். திருப்பி ஒருக்கா விரல் குத்த வேணும்."

"உமக்கு இது விளையாட்டோ?" என்று கத்தினார். வாசலோரத்து வாங்கில் படுத்திருந்த அவருடைய கணவர்தான், "ஏசாதை. குத்தும் பிள்ளை" என்று நடுங்கிய விரலை நீட்டினார்.

மறுபடி பூசி, சாயமிட்டு, எண்ணெய்த் துளி விட்டேன். பக்கத்தில் குனிந்து பார்த்தபடியே வில்லையை இறக்கினேன். சின்னத் திருகை அசைத்தபோது, ஒரு சிவப்பணுவுக்குள் சிறு மோதிரம் போலக் கிருமி! பார்க்கப் பார்க்க இன்னும் இரண்டு. திரும்பி வந்த உத்தியோகத்தர் பார்த்துவிட்டு வைத்தியரிடம் ஓடினார். அன்றே மருந்து தொடங்கினார்கள்.

நோயாளி சுகமாகிவிட்டார். அவருடைய மனைவி இன்றும் என்னைச் சந்தையில் கண்டால், "இந்தப் பிள்ளைதான் இவரைக் காப்பாத்தினது" என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சொல்வார். அன்று என் பேனை என்ன எழுத இருந்தது என்று அவருக்குத் தெரியாது என்பதால், ஒவ்வொரு முறையும் நான் மரக்கறி பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.