யோகேஸ்வரியின் இரண்டாவது புழு

மலேசியாவில் காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் யோகேஸ்வரியின் வேலை புழு எண்ணுவது. பத்து மரத்துக்கு ஒரு மரம் என்று கணக்கு. கொக்கிக் கழியால் ஓர் ஓலையை இறக்கி, அதில் ஒட்டியிருக்கும் பைப்புழுக்களை எண்ணி, மரத்தின் எண்ணோடு எழுதிக்கொள்வார். இலைத் துணுக்குகளால் தனக்கொரு பை கட்டி, அதற்குள் இருந்தபடியே ஓலையைத் தின்னும் புழு அது. தோட்டத்தில் 'உலாட் புங்குஸ்' என்பார்கள். பெருகிவிட்டால் மரம் தீயில் வாட்டியது போல நிற்கும்.

யோகேஸ்வரிக்கு முப்பத்து நான்கு வயது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர். குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சில வருடம், பிறகு கல்யாணம், பிறகு இதே தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. கணவர் குணாளன் பழ லாரி ஓட்டுகிறார். புழு எண்ணும் வேலை கிடைத்து நான்கு வருடம்தான் ஆகிறது.

"குனியற வேலையிலேர்ந்து நிமிர்ற வேலைக்கு வந்திருக்கேன் மிஸ்," என்றார், என்னைப் பார்த்த முதல் நாள். "இப்ப முதுகு நல்லாருக்கு, கழுத்துதான் போச்சு."

நான் ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். பூச்சியின் டிஎன்ஏ-வை வாசித்து அது எந்த இனம் என்று சொல்வது என் வேலை. பைப்புழுவில் இரண்டு வகையை, சிறிதாக இருக்கும்போது கண்ணால் பிரிப்பது கடினம். எந்த வகை என்று தெரிந்தால்தான் மருந்தடிக்கும் வாரத்தைக் குறிக்க முடியும். அதற்காக ஆல்கஹால் ஊற்றிய நாற்பது சிறு குழாய்களை யோகேஸ்வரியிடம் கொடுத்தேன். ஒரு குழாய்க்கு ஒரு புழு.

"ரெண்டு போட்டா?"

"கலந்துடும் அக்கா. அப்புறம் எது எதுன்னு தெரியாது."

"ஒரே குடும்பமா இருந்தாலுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

குழாய்கள் நாற்பதும் சொன்ன தேதியில் வந்தன. ஒவ்வொன்றிலும் மரத்தின் எண், தேதி, பிசகில்லாத கையெழுத்து. பையைப் பிரித்து, புழுவை முழுதாக அரைத்து, டிஎன்ஏ எடுத்தேன். இருபத்தாறு குழாய்கள் புழுவைக் காட்டின. பதினான்கு, ஏதோ ஒரு சின்னக் குளவியைக் காட்டின.

அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'பதினான்கு மாதிரிகளில் மாசு. சேகரிக்கப் பயிற்சி பெற்ற ஆள் தேவை.'

ஏன் அப்படி எழுதினேன் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அம்மா ரெங்கம் தோட்டத்தில் உரம் போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனாலும் தவறு எங்கே என்று தேடியபோது, என் கருவியையோ என் முறையையோ நான் சந்தேகப்படவில்லை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு கைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

அறிக்கை போன மறு திங்கட்கிழமையே, தோட்டத்தின் துணை மேலாளர் சுகுமாறன் யோகேஸ்வரியை மறுபடி உதிரிப் பழத்துக்கு மாற்றிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பகுதி முழுவதும் மருந்தடிப்பது என்றும் முடிவானது.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஆய்வுக்கூட வாசல் காவலர் தொலைபேசியில் அழைத்தார். ஓர் அம்மா பை நிறையக் கண்ணாடிப் புட்டிகளோடு வந்திருக்கிறார், உள்ளே பூச்சி பறக்கிறது, விடலாமா என்று கேட்டார்.

யோகேஸ்வரி விடுப்பு எடுத்துக்கொண்டு, காஹாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. உட்காரவும் இல்லை.

"நான் ஒன்னுக்கு ஒன்னுதான் போட்டேன் மிஸ். நீங்க கலந்துடுச்சின்னு எழுதிட்டீங்க."

"மெஷின் அப்படித்தான் காட்டுச்சு அக்கா."

"மெஷின் என் கையப் பாத்துச்சா?"

அவர் ஜாம் புட்டி, மிளகாய் சாஸ் புட்டி என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். மூடிக்குப் பதிலாகத் துணி, அதன்மேல் ரப்பர் வளையம். ஒவ்வொரு புட்டியிலும் மரத்தின் எண். என் குழாய்களில் இருந்த அதே நாற்பது எண்கள்.

"ஒரு ஓலையில ரெண்டு எடுப்பேன். ஒன்னு உங்களுக்கு, ஒன்னு எனக்கு. முன்ன ஒரு தடவ, எங்க வேலயப் பாத்துக்கற மண்டோர் என் கணக்கு புக்க தொலைச்சிட்டு, நான் காட்டுக்கே போகலன்னு சொல்லிட்டாரு. அதிலேர்ந்து எதக் குடுத்தாலும் ஜோடி வச்சுக்குவேன்."

"மூனு வாரமா உயிரோட வச்சிருந்தீங்களா?"

"தெனமும் பச்ச ஓல வச்சேன். வீட்டுக்காரரு, 'அலமாக், உலாட்டுக்குச் சாப்பாடு நேரத்துக்குப் போவுது, எனக்குத்தான் லேட்டு'ன்னாரு. ரெண்டு பேருக்கும் வச்சேன்லா." புட்டி ஒன்றை என் பக்கம் தள்ளினார். "நான் போட்டது உலாட். இப்ப வெளிய வந்திருக்கிறது என்னன்னு நீங்களே சொல்லுங்க."

பையில் ஒரு சிறு துளை. துணிக்கு அடியில், அரிசி மணியை விடச் சின்னதாக ஒரு குளவி.

பன்னிரண்டு புட்டிகளில் குளவி இருந்தது. என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்பது மரங்கள் நான் மாசு என்று எழுதிய பதினான்கில் இருந்தன.

அந்தக் குளவி புழுவுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று வளரும். நான் இரண்டையும் சேர்த்து அரைத்திருக்கிறேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிய பாடம் இது.

புட்டிக் குளவிகளின் டிஎன்ஏ-வை வாசித்தேன். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. பதினான்கு குழாய்களில் இருந்ததும் இதே குளவிதான். உடனே சுகுமாறனை அழைத்தேன். சில வரிசைகளில் பாதிப் புழுக்களைக் குளவியே கொன்றுகொண்டிருக்கிறது, இப்போது அங்கே மருந்தடித்தால் அதுவும் சாகும் என்றேன்.

"மருந்து ஸ்டோருக்கு வந்தாச்சு மிஸ். மேலிடத்துல கேட்டா என்ன சொல்ல?"

"நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லுங்க."

அடுத்து யோகேஸ்வரியிடம் பேசி மன்னிப்புக் கேட்டேன்.

"வாயால வேணாம் மிஸ். எழுதித்தான அனுப்பினீங்க? அது எங்கெங்க போச்சோ, அங்கெல்லாம் இதுவும் போகணும்."

எழுதினேன். மாசு இல்லை, பிழை ஆய்வுக்கூடத்துடையது, சேகரித்தவர் யோகேஸ்வரி என்று. அனுப்புவதற்குமுன் மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஏதாவது ஒரு வார்த்தையை மென்மையாக்கத் தோன்றியது. மாற்றவில்லை.

திங்களன்று குளவி இருந்த வரிசைகளை விட்டுவிட்டு மற்றவற்றில் அடித்தார்கள். யோகேஸ்வரியை உடனே திருப்பி எடுக்கவில்லை. அவர் என் கடிதத்தின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் போல, காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் தினமும் சுகுமாறன் முன்னால் போய் நின்றிருக்கிறார். பதின்மூன்றாம் நாள் கொக்கிக் கழி கைக்கு வந்தது.

இப்போது ஒவ்வொரு புழுவையும் நுண்ணோக்கியில் கீறிப் பார்த்த பிறகே அரைக்கிறேன். போன வாரம் எண்பது குழாய்கள் வந்தன. பெட்டிக்குள் ஒரு துண்டுத் தாள்:

'ஜோடி என் வீட்ல இருக்கு. கணக்கு ஒத்து வரலன்னா மொதல்ல எனக்கு போன் பண்ணுங்க மிஸ். அப்புறம் எழுதலாம்.'