எஸ்தர் அக்கா திரும்ப வாங்கி வந்த தாள்கள்

அக்கா போன செய்தி எனக்கு மூன்று மொழிகளில் வந்தது. சித்தூர் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போட்டிருந்தார்கள். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் தெலுங்குக் குழுவோ, ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவப் பெண்மணியை நேராகப் பரமபதத்துக்கே அனுப்பியிருந்தது. ஆஸ்பத்திரிக் குழுவில் ‘எக்ஸ்பயர்டு’ என்று ஒரே சொல், மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் அடிப்பது போல. திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்றையும் படித்தேன். மூன்றில் எது சரி என்று கேட்பதற்காக அக்காவின் நம்பரைத் தேடி எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. பஸ் சந்திரகிரியைத் தாண்டும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

எஸ்தர் ஞானமணியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் செய்வேன், பெருமை எனக்கு. சித்தூர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் அழ, குமாஸ்தா தெலுங்கில் எழுத, நீதிபதி ஆங்கிலத்தில் கொட்டாவி விட, மூன்றையும் ஒருத்தியாகச் சுமந்தவர். உயரம் நாலடி எட்டு அங்குலம். ஆனால் அவர் உள்ளே வந்தால் அலமாரியில் இருக்கும் அகராதிகள் எழுந்து நிற்கும், நானே பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு அவர் கலைச்சொல் தொகுக்கத் தொடங்கினார். மருத்துவம், விவசாயம், மின்சாரம், மோட்டார் என்று துறைக்கு ஒரு பெட்டி, சொல்லுக்கு ஓர் அட்டை, அட்டையில் மூன்று மொழி. ஓய்வு பெற்ற தமிழாசிரியனும், பார்க்கிறவர்களுக்கெல்லாம் மாமாவுமாகிய நான் அவருக்கு உதவியாளன். அதாவது, அகத்தியருக்குப் பிறகு தமிழைக் காப்பாற்ற வந்தவன் நான்தான் என்ற எண்ணத்தோடு சேர்ந்தவன்.

அந்த எண்ணத்துக்கு முதல் ஆணி சந்திரகிரியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் இறங்கியது. கிளட்சுக்கு நான் ஒரு சொல் ஆக்கியிருந்தேன்: இயக்கப்பிணைப்புத் துண்டிப்பி. சொல்லும்போதே யானை ஊர்வலம் போகிற மாதிரி இருக்கும். அக்கா அதைப் பாராட்டவும் இல்லை, பழிக்கவும் இல்லை. என்னை ஷெட்டுக்கு அழைத்துப் போய், ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கிடம் அதைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“இன்னா சார் அது, மாட்டு மருந்தா?”

“கிளட்ச்சுப்பா” என்றார் அக்கா. அந்த ஆளின் கை, பார்க்காமலேயே, சரியான இடத்துக்குப் போய் நின்றது. அக்கா என் யானையை அடித்துவிட்டு அட்டையில் ‘கிளட்ச்’ என்று எழுதினார். வெளியே வந்ததும் சொன்னார்: “வாத்தியாரே, சொல்லைச் சொல்லிட்டு அவன் மூஞ்சியப் பாக்காதே. கை எங்க போவுதுன்னு பாரு.”

இதுதான் அவருடைய முறை. ஒரு சொல்லை அந்த வேலையைச் செய்கிற மூன்று பேரிடம் சொல்லிப் பார்க்காமல் அட்டையில் ஏற்றமாட்டார். அதற்காக அவர் இறங்காத கிணறு இல்லை, ஏறாத டிரான்ஸ்பார்மர் இல்லை என்று சொன்னால் அது பாதிக்குமேல் பொய். டிரான்ஸ்பார்மரில் ஏறவிடாமல் லைன்மேன் அவர் காலில் விழுந்தார் என்பது மட்டும் உண்மை.

அந்த முறையை அவர் ஒரே ஒரு தடவை மீறினார். என் பேச்சைக் கேட்டு மீறினார்.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே சிறுநீரக வார்டில், வீட்டுக்குப் போகிற தமிழ் நோயாளிகளுக்கு ஒரு பக்கத் தாள் வேண்டும் என்றார்கள். நான் மொழிபெயர்த்தேன். ‘திரவ உட்கொள்ளலைக் கட்டுப்படுத்துக’ என்பது அதில் நாலாவது வரி. வார்டுக்குப் போய்ப் படித்துக் காட்டிவிட்டு வரலாம் என்றார் அக்கா. அன்றைக்கு அவருக்கு முட்டி வலி. “திரவம் கூடவா தெரியாது, அக்கா? ஆறாங்கிளாஸ் பாடம்” என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தாளின் கீழே ‘சரிபார்த்தவர்: எஸ்தர் ஞானமணி’ என்று அச்சாகியது.

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த வார்டுக்குப் போனோம். குடிபாலாவிலிருந்து வந்த முனிரத்தினம் என்கிற விவசாயக் கூலி, முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். அவர் மனைவி கன்னியம்மாவை நர்ஸ் திட்டிக்கொண்டிருந்தார். குடிக்கக் கொடுத்துவிட்டுப் பொய் சொல்கிறாளாம்.

“சத்தியமா ஒரு முழுங்கு தண்ணி குட்கலம்மா. திரவம்னா தண்ணின்னு மருந்துக்கடைல சொன்னாங்க. தாகம் தாகம்னு கத்திக்கினு இருந்தாரு. கொடத்த எட்டாத எடத்துல வெச்சிட்டேன்.”

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “காலைல இன்னா துன்னாரும்மா?”

“கூழு. மோர் ஊத்திக் கரைச்சி ரெண்டு சொம்பு.”

“மத்தியானம்?”

“சோறு. ரசம் நெறைய ஊத்திக்கினாரு. பாவம்னு தர்பூசணி அறுத்துக் குடுத்தேன். தண்ணிதான் குட்கலயே.”

அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. தாள் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தாள். அக்கா எழுந்து நேராக டாக்டரம்மாவிடம் போனார். “இவங்க பொய் சொல்லல டாக்டர். இந்தத் தாள்தான் சரியா சொல்லல. கையெழுத்து என்னுது.” அது என் சொல் என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். நாலடி எட்டு அங்குலத்தின் மொத்த எடையும் என் கட்டைவிரலில் இறங்கியது. வெளியே வந்து சொன்னார்: “வார்த்தை உன்னுது, ஒப்பு என்னுது. ரெண்டுல எது பெரிய தப்புன்னு வீட்ல போய் யோசி.” நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முனிரத்தினம் பிழைத்தார். அவர் எழுந்து உட்கார்ந்த அன்று அக்கா கன்னியம்மாவிடம் கேட்டார்: கூழு, மோரு, ரசம், காபி எல்லாத்தையும் சேர்த்து உங்கள் வீட்டில் ஒரே பேச்சாக எப்படிச் சொல்வீர்கள்? அந்தம்மா யோசித்தாள். “ஊத்துனா ஓடுறதெல்லாம்னு சொல்லலாம்.” அப்போ தர்பூசணி என்றேன் நான், புத்திசாலித்தனமாக. “அது புழிஞ்சா வடியும் இல்ல” என்று என்னை அனுதாபத்தோடு பார்த்தாள். புதிய தாளில் நாலாவது வரி இப்படி ஆனது: ‘ஊற்றினால் ஓடுவதும் பிழிந்தால் வடிவதும் எல்லாமே தண்ணீர்தான். எல்லாம் சேர்ந்து டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.’ அட்டையில் ஆதாரம் என்ற கட்டத்தில் ‘கன்னியம்மா, குடிபாலா’ என்று எழுதினார். ஆஸ்பத்திரியின் மேற்பார்வைக் குழுவில் இருந்த தெலுங்குக்காரப் பேராசிரியர் அதைக் கண்டு நெளிந்தார்.

“மேடம், அந்தக் கட்டத்துல ஒரு ஆத்தாரிட்டி பேரு போடணும் கதா.”

“போட்டிருக்கேன் சார். அந்தம்மாவுக்கு மேல ஒருத்தர் இருந்தா அட்ரஸ் குடுங்க, போய்ப் பாக்கறேன்.”

இனிமேல் நான் சொல்வதில் மிகையே இல்லை. மிகை இங்கே வாயைப் பொத்திக்கொள்கிறது. பழைய தாள் நாற்பத்தொரு வீடுகளுக்குப் போயிருந்தது. புதியதைத் தபாலில் அனுப்புகிறோம் என்றது ஆஸ்பத்திரி. “புதுசு போவும். செவுத்துல ஒட்டி வெச்ச பழச யாரு எடுப்பா?” என்று அக்கா பட்டியலை வாங்கிக்கொண்டார். அந்த முட்டியோடு பஸ் பஸ்ஸாக ஏறி, வீடு வீடாகப் போய், பழைய தாளை வாங்கிக்கொண்டு புதியதைப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் ‘தப்பு என்னுது’ என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். முக்கால்வாசி வீடுகளுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நான்.

குடிபாலாவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அந்தத் தாள் பெருமாள் படத்துக்குக் கீழே மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது. நோயாளியின் அண்ணன் தரமாட்டேன் என்றார். “திருப்பதிலேர்ந்து வந்த காயிதம்மா. கேக்காதீங்க.” நான் இலக்கணத்தோடு வாதாடத் தயாரானேன். அக்கா புதிய தாளை நீட்டினார். “இதுவும் திருப்பதிலேர்ந்துதான் வருது, நைனா. இதுக்கும் வெச்சி விடுங்க.” அவர் பொட்டு வைத்து முடிக்கும்வரை, நான்கு தலைமுறை மிஷன் சபைக்காரரான எஸ்தர் ஞானமணி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பிறகு பழையதை வாங்கிப் பையில் வைத்தார்.

அடக்கத்துக்கு முனிரத்தினமும் கன்னியம்மாவும் வந்திருந்தார்கள். அக்காவின் மகள் என்னை ஓரமாக அழைத்து, அம்மாவின் கைப்பையில் இருந்ததென்று ஒரு புதிய தாளைக் கொடுத்தாள். அதன் பின்புறம் பென்சிலில்: ‘சாந்திபுரம், மாரப்பன். பெங்களூரு கூலி வேலை. வீடு பூட்டு. மூணு தடவை.’ நாற்பத்தொன்றில் அந்த ஒன்றுதான் பாக்கி என்பதை அவர் என்னிடம் சொல்லவேயில்லை.

அவருடைய அட்டைப் பெட்டிகள் ஆஸ்பத்திரிக்குப் போகின்றன. எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது, பூட்டிய வீட்டுக்கு நாலாவது தடவை போகும் வெட்கமின்மை. போன வியாழக்கிழமை போனேன். பூட்டுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் மருமகன் பெங்களூரில் மாரப்பனோடுதான் வேலை செய்கிறானாம், நம்பர் கிடைத்தது. அங்கேயே, வாசலில் நின்றபடி பேசினேன். தப்பு எங்களுடையது என்று முதலில் சொன்னேன். பிறகு நாலாவது வரியைப் படித்தேன்.

“மோருமா சார்?”

“மோரும்தான்.”

“கூழு?”

“கூழும்தான்.”

அந்தப் பக்கம் கலவை மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது. “காயிதத்துல கீழ எஸ்தர்னு ஒரு அம்மா பேரு இருந்திச்சே” என்றார். “அவங்களா இப்படிச் சொல்றாங்க?”

“ஆமாம்பா” என்றேன். “அவங்கதான் சொல்றாங்க.”