ரோஸ் நிறக் கொசுக்கள்

மதுரை காளவாசலில் நான் படுத்துக்கிடந்த லாரி ஷெட்டை இடித்துவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லாததால் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் கொசு பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றபோது ஒருவரும் நம்பவில்லை. மாட்டுத்தொழுவத்தில் கொசுவைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிக் கூண்டில் சேர்க்க வேண்டும். சோறும் படுக்க இடமும் உண்டு.

மூளைக்காய்ச்சலைப் பரப்பும் வயல் கொசு பசியோடு எவ்வளவு தூரம் பறக்கும் என்று பார்ப்பதுதான் ஆய்வாளரம்மாவின் வேலை. கொசுக்களைப் பட்டினி போட்டு, ரோஸ் பொடி தூவி, வாடிப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் திறந்துவிட வேண்டும். மறுநாள் எந்த வீட்டில் ரோஸ் கொசு அகப்படுகிறது என்று தேடுவோம். அறுப்புக்கு முன் வயலில் தண்ணீரை வடித்துவிட்டால் கொசுவே இருக்காது; அம்மாவுக்கு அந்த வருடமே வீண்.

கொசுக்கூண்டோடு ஊரில் இறங்கியதும் பஞ்சாயத்துத் தலைவர் மறித்தார்.

"நேத்து உங்க தொழுவத்துல பிடிச்ச கொசுதான்யா. திரும்ப விடணும்" என்றார் அம்மா.

"பிடிச்சத அப்படியே வச்சுக்கிற வேண்டியதுதானம்மா?"

பின்னால் நின்ற ஒரு பெண் கூண்டுக்குள் பார்த்தாள். "போகயில கறுப்பாத்தான் போச்சு. மதுரைக்குப் போகவும் பவுடர் பூசிக்கிட்டு வந்துருக்கு."

"பொடி விசமா இருந்தா? மொதல்ல ஒங்க ஆளு கடி வாங்கட்டும்" என்றார் தலைவர்.

மேலதிகாரியிடம் கேட்க அம்மா டீக்கடை போனுக்குப் போனார். அவர் வருவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று கையைக் கூண்டுக்குள் விட்டேன். தொழுவத்தில் தினமும் வாங்கும் கடிதானே. ஊரே சுற்றி உட்கார்ந்தது.

"மயக்கம் வருதாண்ணே?"

"பசிதான் வருது."

யாரோ வடை கொண்டுவந்தார்கள். நான் தின்றேன், அவையும் தின்றன.

அம்மா திரும்பியபோது தலைவர் சம்மதித்திருந்தார். கூண்டைத் திறந்தோம். ஒன்றும் பறக்கவில்லை. வயிறு சிவந்து வலையில் தொங்கின. அம்மா தடித்துக்கிடந்த என் கையைப் பார்த்தார்.

"வயிறு நெறஞ்சா ரெண்டு நாளைக்கு அசையாதேப்பா."

"அதான் விடச் சொல்லியாச்சுல்ல, பறக்கச் சொல்லுங்கம்மா" என்றார் தலைவர்.

வயலில் இன்னும் கணுக்கால் தண்ணீர் நின்றது. மடையைத் திறப்பதற்குள் இன்னொரு கூண்டு நிரம்பினால் தப்பலாம். பொழுது சாயத் தலைவர் வீட்டுத் தொழுவத்திலேயே தொடங்கினோம். அவரே டார்ச் பிடித்தார். நான் குழாயைக் கொண்டுபோன ஒவ்வொரு கொசுவையும் குனிந்து பார்த்தார்.

"இது சாப்பிட்டது, விட்டுரு. அந்தா அது பட்டினி."